பின்கண்ணாடியில் ஒரு பெயர்

ஆகஸ்ட் 3, சனி

கண்ணுக்கு நேராக இருப்பதை ஒருவர் பார்க்காமல் இருக்க முடியுமா? மாலையிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தவளையின் கண்ணுக்கு அசையாத ஈ தெரியாது என்று விலங்கியல் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறேன். மனிதர்களைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒன்றும் இல்லை.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். என் கணவர் விடியும் முன்பே சைக்கிள் குழுவோடு கிளம்பிவிட்டார். ஆனைகட்டி போவதாக நேற்றே சொல்லியிருந்தார். எனக்கு இன்று தேர்வறை மேற்பார்வை. வழக்கத்தைவிட முன்னதாகவே காரை எடுத்தேன். சிறுவாணி சாலையில் பேரூர் தாண்டிக் கொஞ்சம் நெரிசல். கல்லூரி வாசலில் வாட்ச்மேன், "மேடம், இந்தப் பக்கக் கண்ணாடி மடங்கியிருக்குதுங்க" என்று இடப்பக்கக் கண்ணாடியை நிமிர்த்திவிட்டார். தேர்வறைக்குள் போன் கூடாது. அலுவலக உதவியாளர் வந்து கூப்பிட்டபோது வினாத்தாள் கொடுத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அவர் விழுந்தது ஆனைகட்டிச் சாலையில் இல்லை. மாங்கரைப் பக்கம் யானை நிற்பதாகச் செய்தி வரவே, குழு திசையை மாற்றிச் சிறுவாணி சாலைக்கு வந்திருக்கிறது. மாதம்பட்டியில் ஒரு பேக்கரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கார் உரசியதாம். கார் நிற்கவில்லை. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள், பேக்கரிக்காரர்கள்தான் தூக்கியிருக்கிறார்கள். தோள்பட்டை எலும்பு முறிவு, முழங்காலில் ஆழமான சிராய்ப்பு. தலைக்கவசத்தில் விரிசல்.

பச்சை நிறக் குழுச் சட்டையை ஆஸ்பத்திரியில் கத்தரித்து எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். ஊறப்போட்டிருக்கிறேன். எதற்கு ஊறப்போட்டேன் என்று தெரியவில்லை. இனி அதை யாரும் போட முடியாது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மதியம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாலையில் குழு முழுவதும் வந்தது. கூடம் நிறைய ஆட்கள், நாற்காலி போதவில்லை. குழுவின் செயலாளர் மோகனசுந்தரம், வழக்கறிஞர். அவர் உட்காரவேயில்லை.

"கார்க்காரனுக்கு ரோட்டையே பட்டாப் போட்டுக் குடுத்தாப்ல நெனப்புங்க மேடம். சைக்கிள்ல போறவன் மனுசனே இல்ல. கொசு. அடிச்சுட்டுப் போயிட்டே இருக்கலாம்."

"ஆரன் அடிச்சா நாம காத்துல கரைஞ்சு போயிரோணும்ங்க சார்," என்றான் பிரதீப் என்ற இளைஞன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு இவரிடம் கேட்டார்கள். நடுவில் போனீர்களா? இல்லை, ஓரத்தில்தான். என்ன கார்?

"வெள்ளைக் கார்."

"எந்தக் கம்பெனிங்கண்ணா?"

"தெரியல."

"நெம்பர்ல ஒண்ணு ரெண்டாச்சும்?"

"தெரியல பிரதீப்பு."

மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் முகப்பு விளக்கைப் பார்த்தே என்ன கார், எந்த வருடத்துக் கார் என்று சொல்லிவிடுகிறவர். வலிதான் காரணமாக இருக்க வேண்டும். வலி மருந்து நினைவை மங்கச் செய்யும்.

மோகனசுந்தரம் போகும்போது வாசலில் நின்று, "விடமாட்டேனுங்க மேடம். அந்த ரோட்டுல ஏதாச்சும் ஒரு கேமராவுல சிக்காமயா போயிருவான்?" என்றார். நன்றி என்றேன். அவருக்குப் பின்னால் எங்கள் கார் நின்றிருந்தது. அதுவும் வெள்ளைதான். இந்த ஊரில் பாதிக் கார்கள் வெள்ளை.

ஆகஸ்ட் 5, திங்கள்

விடுப்பு. தலையணையை மூன்றாக அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்தேன். ஒரு கையால் சாப்பிடுகிறார். ஊட்டிவிடட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது பேசியதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதாவிட்டாலும் அது அங்கேயேதான் இருக்கிறது. அவருக்கு இந்த சைக்கிள் வந்து ஒன்றரை வருடம். இதயத்தில் அடைப்பு நீக்கிய பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார்; இவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். ஏறியது முதல் காரில் போகிறவர்கள் எல்லோரும் குற்றவாளிகள். அன்று நான், உங்கள் ஆட்கள் பக்கம் பக்கமாகக் கதை பேசிக்கொண்டு ஓட்டுகிறார்கள், பின்னால் வருகிறவர்களுக்கு வேலை வெட்டி இல்லையா என்றேன்.

"ரோடு என்ன உங்கொப்பன் ஊட்டுதா?" என்றார். விளையாட்டாகத்தான்.

"ஒரு நாளைக்கு எவனாவது இடிச்சுத் தள்ளுனாத்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வரும்" என்றேன். நானும் விளையாட்டாகத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காங்கேயத்திலிருந்து அவருடைய அக்கா ருக்குமணி வந்துவிட்டார். நான் நங்கை என்று கூப்பிடுவது அவரைத்தான். வந்த கையோடு சமையலறையைக் கைப்பற்றிக்கொண்டார். எனக்கு நிம்மதி.

மதியம் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"தமயந்தி, நீ இதெல்லாம் நம்ப மாட்டே. ஆனாச் சொல்றேன் கேட்டுக்க. உளுந்தான் பாரு, கண்ணு இருட்டீட்டு வந்துச்சாம். அப்பத் தலைய நிமுந்து பாத்தானாம். 'பொன்காளியம்மன் துணை'ன்னு எழுத்து எழுத்தாக் கண்ணுக்கு முன்னால தெரிஞ்சுதாம். நம்ம கொல தெய்வம்! அப்படியே தெரிஞ்சுதாங் கண்ணு! அவ கையக் குடுக்காட்டி இன்னைக்கு இவன் ஏது?"

"அவரே சொன்னாரா?"

"அவனேதாஞ் சொன்னான். வேற ஒண்ணும் பேசுல. அதை மட்டுஞ் சொல்லீட்டுக் கண்ண மூடிக்கிட்டான். கெடா வெட்டறேன்னு வேண்டிக்கிட்டேன்."

அதிர்ச்சியில் மூளை பழைய பிம்பங்களை எடுத்துப் போடும் என்று சொல்ல வாயெடுத்தேன். கொடியில் துணி கிடந்தது. எடுத்து வந்து மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் காரின் பின்கண்ணாடியில் குறுக்காக, மஞ்சள் எழுத்தில், அந்தப் பெயர்தான் இருக்கிறது. கார் எடுத்த அன்று நங்கைதான் ஒட்டச் சொன்னார். அறிவியல் படித்தவள் காரில் இதெல்லாம் எதற்கு என்று அன்றைக்கே சண்டை போட்டேன். தோற்றது நான்.

ஆகஸ்ட் 7, புதன்

வழக்கமாகக் கழுவும் ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரை நானே கழுவினேன். இடப்பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்பாக ரப்பர் தேய்த்தது போல ஒரு கோடு இருந்தது. எங்கே வேண்டுமானாலும் பட்டிருக்கலாம். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் போகிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஸ்டிக்கரை எடுத்துவிட்டேன். தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டு, பிளேடால் சுரண்டினேன். நங்கை சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"அடிப்பாவி! எந்தச் சாமி அவன் உசுரக் காப்பாத்துச்சோ அந்தச் சாமி பேரையே சுரண்டறியா?"

"எழுத்தெல்லாம் வெயில்ல உரிஞ்சு அசிங்கமா இருந்துதுங்க நங்கை."

"அசிங்கமா? ஆயிரம் படிச்சு என்ன பண்ண! நல்ல நேரத்துலயும் உனக்கு வீம்பு, கெட்ட நேரத்துலயும் வீம்பு!"

அழுதுகொண்டே உள்ளே போனார். எனக்கு வேறு விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. இத்தனை வருடமாக நான் பேசிய பகுத்தறிவு எனக்காக முன்னால் வந்து நின்றது. என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. என்ன சந்தேகம்? அப்படி எழுதியிருக்கக் கூடாது.

பெயர் முழுவதுமாகப் போகவில்லை. எழுத்து இருந்த இடத்தில் கண்ணாடி புதிதாகவும் சுற்றிலும் மங்கலாகவும் இருக்கிறது. சாய்ந்த வெயிலில் முன்பைவிடத் தெளிவாகப் படிக்க முடிகிறது.

ஆகஸ்ட் 10, சனி

முழங்காலுக்குக் கட்டு மாற்ற, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போக வேண்டும். நான் கார்ச் சாவியோடு நின்றேன். "ஆட்டோ சொல்லியாச்சு" என்றார். ஆட்டோ குலுக்கும், தோளுக்கு ஆகாது என்றேன்.

"ஆட்டோ போதும் தமயந்தி."

காரில் ஏசி குளிர் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. நங்கை கூடப் போனார்.

மாத்திரைகளையும் இனி அக்காவே எடுத்துக் கொடுக்கட்டும் என்றிருக்கிறார். எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கிறதே என்று. அக்கறையாகத்தான் சொன்னார். இரவில் தண்ணீர் வேண்டுமா என்று பார்க்க அவருடைய அறைக்குப் போனேன். விழித்திருந்தார். நான் கதவைத் திறந்ததும் நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "நான்தான்" என்றேன். "தெரியுது" என்றார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

கல்லூரிக்குக் காரில் கிளம்பினேன். செட்டிபாளையம் பிரிவு வரைக்கும்தான் போக முடிந்தது. முன்னால் போன சைக்கிள் எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. பால் கேன் கட்டியவர், பள்ளிக்கூடப் பெண்கள், எல்லோரும் பச்சை. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். வீட்டுக்குத் திரும்பி வந்து காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன்.

மாதம்பட்டிக்கு முன்னால் பஸ் ஒரு சைக்கிள்காரரை மண்ணில் இறக்கிவிட்டு முந்தியது. அவர் காலை ஊன்றிக்கொண்டு ஏதோ திட்டினார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஓரமாப் போறதுக்கு என்ன நோவு? மாமியார் ஊட்டுக்கா போறே?" என்றார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் சிரித்தாள். "இவிங்களுக்கு எங்கீங்க கண்ணு தெரியுது? தொப்பி மாட்டிக்கிட்டுச் சட்டை ஒட்டப் போட்டுக்கிட்டு வர்றாங்களே ஞாயித்துக்கெழமைல, அவிங்க இன்னும் மோசம். எங்கூட்டுக்காரர் லாரி ஓட்டறாரு. இவிங்க வந்து உளுந்தாலும் பெரிய வண்டிக்காரனைத்தான் போட்டுச் சாத்துவாங்க. அதனால அடிபட்டா நிக்காதேன்னுதான் சொல்லியிருக்கறேன். நேரா போலீஸ் டேசனுக்குப் போயிரோணும்."

"தெரியாமப் போயிட்டா?" என்று கேட்டேன்.

"என்னது தெரியாம?"

"இடிச்சதே தெரியாம."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அதெப்படிங்க தெரியாமப் போகும்? எறும்பா ஏத்தறோம்?"

ஆகஸ்ட் 14, புதன்

நங்கை கோயிலுக்குப் போயிருக்கிறார். அவர் தூங்குகிறார். நினைவில் இருப்பதை மட்டும் எழுதுகிறேன். வகுப்பில் மாணவிகளுக்கு அப்படித்தான் சொல்வேன்: பார்த்ததை எழுது, ஊகித்ததை எழுதாதே.

பேரூர் தாண்டியதும் வேறு ஏதோ குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வெகுதூரம் அவர்கள் பின்னாலேயே ஊர்ந்தேன். தேர்வுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம். முந்தைய இரவின் பேச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. அவர்களைத் தாண்டியபோது நீளமாக ஹாரன் அடித்தேன்.

மாதம்பட்டிக்கு முன்னால் தனியாக ஒருவர். பச்சைச் சட்டை. எதிரில் பஸ் வந்தது. பிரேக் பிடித்திருக்கலாம். ஹாரன் அடித்தேன். அவர் கழுத்தைக் கொஞ்சமாக இடது பக்கம் சாய்த்துக்கொண்டார். பஸ் போனது, நானும் போனேன். ஏதோ தட்டிய சத்தம் கேட்டதா? பஸ்ஸின் சத்தம் பெரிதாக இருந்தது. உள்கண்ணாடியில் பார்க்கவில்லை. எப்போதும் பார்ப்பேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யும்போதும், பேப்பர் படிக்கும்போதும், நான் பேசுவது பிடிக்காதபோதும் கழுத்தை இடது பக்கம்தான் சாய்ப்பார். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

அந்தக் கழுத்தை நான் அப்போது அடையாளம் கண்டேனா, அல்லது இப்போதுதான் அந்த முதுகின் மேல் அவருடைய கழுத்தை வைத்துப் பார்க்கிறேனா? ஆனைகட்டியில் இருக்க வேண்டியவர் அங்கே எப்படி இருப்பார் என்று மூளை ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்க வேண்டுமானால் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கு மேல் எழுதப் பயமாக இருக்கிறது. போலீஸைப் பற்றிய பயம் இல்லை இது.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. இட்லி மாவு புளித்துவிட்டது. நங்கை என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

மோகனசுந்தரம் போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன்.

"சென்னியப்பன் சார், ஆளு சிக்கீட்டான்! பேக்கரிக்காரன் கேமரா ரிப்பேருன்னே சொல்லீட்டு இருந்தான். இன்னைக்கு வாங்கீட்டேன். நான் இன்னும் பாக்கல, எல்லாருஞ் சேந்தே பாக்கலாம். நாளைக்கு ரைடு முடிச்சு நேரா உங்க ஊட்டுக்குத்தான் வர்றோம். மேடம், காப்பி ரெடி பண்ணி வெய்ங்க!"

"வாங்க சார்" என்றார் அவர். போனை அணைத்தேன்.

நங்கை பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய நேரம் இதுதான் என்று தெரிந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். இடம் விட்டாரா, விலகினாரா தெரியவில்லை.

"கார்ல ஸ்டிக்கரை எதுக்கு எடுத்தே?" என்று அவரே கேட்டார். எடுத்து ஒன்பது நாளாகிறது. இதுவரை கேட்டதில்லை.

"எனக்கு அது பிடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமே."

"ஆமா. உனக்குப் பிடிக்காதுதான்."

கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடியபடியே, "இன்னும் ஏதாச்சும் சொல்லோணுமா?" என்றார். "காப்பிக்குப் பால் வாங்கணும்" என்றேன்.

அவருக்குத் தெரியும். விழுந்த நிமிடத்திலிருந்தே தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸுக்கும் சொல்லவில்லை, நண்பர்களுக்கும் சொல்லவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. நான் செய்தேனா என்று கேட்க அவருக்கு ஒன்றுமில்லை. வேண்டுமென்று செய்தேனா என்றுதான் கேட்க வேண்டும். அதைக் கேட்டு, நான் பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு வாரமாக இந்த அறையில் பயந்துகொண்டு படுத்திருக்கிறார். அடுத்த அறையில் நானும் அதற்குத்தான் பயந்துகொண்டிருக்கிறேன்.

நாளைக்கு அவர்கள் வருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். 'பார்க்கவில்லை' என்று சொன்னால் நம்புவார். நம்ப விரும்புவார். அந்த ஒரு சொல் போதும். அதைச் சொல்லத்தான் எனக்குத் துணிவு இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் சொல்ல முடியவில்லை. நங்கை அவருக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் வாசலில் சைக்கிள்கள் வந்துவிட்டன. பச்சைச் சட்டைகள் வரிசையாக உள்ளே வந்தன. எங்கள் காரின் பின்பக்கத்தைத் தாண்டித்தான் எல்லோரும் வந்தார்கள். யாரும் அதைப் பார்க்கவில்லை. பிரதீப் போனை டிவியோடு இணைத்தான். அவர் சாய்வு நாற்காலியில். நான் காப்பித் தட்டோடு சமையலறை வாசலில்.

"போடட்டுங்களா சார்?"

"அது நம்ம கார்தான்" என்றேன். "ஓட்டினது நான்தான்."

மோகனசுந்தரம் சிரித்தார். "மேடம் நல்லா காமெடி பண்றாங்க!"

"அவளுக்குக் காமெடி வராதுங்க சார்" என்றார் அவர், திரும்பாமலே.

தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. நங்கை வந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

மோகனசுந்தரத்தின் குரல் மாறியிருந்தது. "மேடம், நான் வக்கீலாக் கேக்கல. அவரைப் பாத்தீங்களா, பாக்கலீங்களா?"

"தெரியலை."

"தெரியலீன்னா எப்படீங்க? ரெண்டுல ஒண்ணு இருக்கோணுமில்ல?"

"பாக்குலீன்னு சொல்லு கண்ணு," என்றார் நங்கை. என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். "வாயத் தொறந்து சொல்லு! ஒத்தச் சொல்லுதானே? பொன்காளி மேல ஆணையாப் பாக்குலீன்னு சொல்லீரு!"

சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். அவரும் இப்போது திரும்பி என்னைப் பார்த்தார்.

"தெரியலைங்க" என்றேன் அவரிடம். "யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறேன். தெரியலை."

வெகுநேரம் பார்த்தார். பிறகு பிரதீப்பிடம், "ஒயரைக் களட்டீரு" என்றார். "வீடியோ வேண்டாம். குழியிருந்துச்சு. நாந்தான் குழிய ஒதுக்கி உள்ள வந்தேன்."

"அண்ணா, ஓரத்துலதான் போனேன்னு சொன்னீங்களே?"

"இப்ப மாத்திச் சொல்றேன்."

காப்பியை யாரும் முழுதாகக் குடிக்கவில்லை. போகும்போது இரண்டு பேர் எங்கள் காரின் பின்னால் நின்று, கண்ணாடியில் இருந்ததைக் குனிந்து படித்தார்கள்.

சாயங்காலம் கட்டு மாற்றும் முறை. நங்கை ஆட்டோவுக்குப் போன் எடுத்தார். அவர், "வேண்டாக்கா. கார்லயே போறேன்" என்றார். நான் முன்கதவைத் திறந்துவிட்டேன். அவர் பின்கதவைத் திறந்துகொண்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஒரு கையால் தடவித் தடவி சீட் பெல்ட்டை எடுத்தார். பின் சீட்டில் எங்கள் வீட்டில் யாரும் பெல்ட் போட்டதில்லை. மாட்டுவதற்கு நேரமானது. உதவ நான் திரும்பினேன். "நானே போட்டுக்கறேன்" என்றார். கொக்கி விழும் சத்தம் கேட்டபிறகு வண்டியை எடுத்தேன்.

தெரு முனையில் ஒருவர் சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனார். கட்டு இரண்டு பக்கமும் ஆடியது. நான் பின்னாலேயே போனேன். எனக்குப் பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன.

"எடமிருக்குது" என்றார் அவர். "போ."

உள்கண்ணாடியில் பார்த்தேன். அவர் சாலையைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த என் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடம் இருந்தது. நான் முந்தவில்லை. கிளினிக் திருப்பம் வரும்வரை, புல்லுக்கட்டுக்குப் பின்னாலேயே, அந்த சைக்கிள்காரருடைய வேகத்தில் போனேன்.